சக்களத்திக்குத் தைத்த சட்டை

பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'காது'. சுவருக்கு அந்தப் பக்கம் எலி நடந்தால்கூட இந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கும் என்பார்கள். வாய் மட்டும் கிடையாது. எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் ஏதோ கேட்க, இவள் சொன்ன பதில் முதல் பெஞ்சுக்கே எட்டவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, டீச்சர் உட்காரச் சொல்லிவிட்டார். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடமும் நின்றது. அம்மாவின் தையலுக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. இவளுக்கும் வாயைத் திறக்காமல் செய்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது.

முப்பது வருடமாக அந்த வேலைதான். பேன்ட்டுக்கு உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடிப்பது, பெருத்தவர்களுக்குப் பிரிப்பது. மிஷின் ஓடும்போது அவள் கண் துணியில் இருக்கும், காது மிஷினுக்குள் இருக்கும். நூல் அறுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சிணுங்கல் வரும். ஊசி மழுங்கினால் வேறு சத்தம். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய ஆரம்பித்தால் 'டொக்' என்று ஒரு மந்தமான சத்தம், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் தட்டுவது மாதிரி. அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு சின்ன உருளையோடு செலவு முடிந்துவிடும். விட்டால் தண்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

தைப்பதெல்லாம் வீட்டு முன்னறையில். துணி கொடுக்க வருகிறவர்கள் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு, உள்ளே கட்டில் வரைக்கும் பார்த்துவிட்டுப் போவார்கள். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை இருந்த அறை காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு ஜன்னல், கிழக்கு வெளிச்சம், மிஷின் போட அளவெடுத்துக் கட்டியது போல ஒரு மூலை. அந்த அறைக்கு முன்பணம் கட்டத்தான் அவள் நாலு வருடமாக வங்கியில் சிறுகச் சிறுகப் போட்டு வந்தாள். புருஷனிடம் ஒரு தடவை சொன்னாள். அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அதற்கு மேல் இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்தக் கார்தான் கதையே.

புருஷன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே பள்ளிக்கூடம். டிரைவர் சீட்டுக்கு இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் என்ஜின் பெட்டி. பின்னால் அறுபது பிள்ளைகளின் கூச்சல். வேகம் நாற்பதைத் தாண்டினால் வண்டியில் ஒரு கருவி கத்தும். நாள் முழுக்க ஆமை மாதிரி ஊர்ந்துவிட்டு வருகிற மனிதர், மகளைக் கட்டிக்கொடுத்த ஆறாவது மாதம், வீட்டு வாசலில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பல் டாக்டர் ஒருவரின் மகன் ஓட்டிவிட்டு வெளிநாடு போகும்போது விற்றது. பதினான்கு வயதுக் கார். மை நீலம். முதுகில் மீன் துடுப்பு போல ஒரு தகடு. புகைக்குழாய் இரண்டு. உள்ளே டர்போ என்று ஒன்று இருக்கிறதாம்; மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கிளப்பினால் தெருவே அதிரும். மாடி வீட்டு அக்கா அன்றைக்கே மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "என்னடி, மகளை அனுப்பிட்டு உனக்கு ஒரு சக்களத்தியக் கூட்டிட்டு வந்துட்டாரு போல?"

மாடி அக்காவுக்கு ஒலிபெருக்கி மாதிரித் தொண்டை. கீழே நின்ற புருஷன் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஆமாக்கா. இவ கொஞ்சம் செலவாளி" என்றார்.

'இவ'. காது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை அவர் இருபத்தைந்து வருடமாகக் கூப்பிடுவது 'இந்தா' என்று. வெளியாட்களிடம் சொல்லும்போது 'வீட்டுல'. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பார், ஏதோ சுவரையும் ஜன்னலையும் கேட்கப் போகிறவர் மாதிரி. இரும்புக்கு மட்டும் 'இவ'.

சக்களத்தி வந்தவள் சும்மா வரவில்லை, நோயோடு வந்தாள். முதல் மாதம் ஜன்னல் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. அடுத்த மாதம் தண்ணீர் ஒழுகியது. அப்புறம் பெட்ரோல் பம்ப். அப்புறம் டர்போவின் குழாய் ஒன்று கழன்றுகொண்டு, நடு ரோட்டில் மாடு பெருமூச்சு விடுவது போலச் சத்தம். இரண்டு வாரம் ஓடினால் ஒரு வாரம் பட்டறையில் படுக்கை. பட்டறைக்காரருக்கு 'முக்கால்' என்று பெயர். எந்த வேலையை எப்போது கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சுதுண்ணே" என்பார். அந்தக் கால்வாசியில்தான் உயிரை எடுத்துவிடுவார்.

ஆனால் புருஷன் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு முதுகுவலி என்று இரண்டு நாள் படுத்தபோது மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனவர், காருக்கு எண்ணெய் கசிகிறது என்றதும் தரையில் அட்டை விரித்து, மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தார். அவள் கதவருகில் நின்று அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவரே வந்து மிஷின் பக்கத்தில் நின்றார். "இந்தா, ஒரு உறை தைக்கணும். வெயில்ல சாயம் போகுது."

"எதுக்கு?"

"ம்?"

அவள் வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். காருக்கா என்று அர்த்தம்.

"ஆமா. உள்பக்கம் மெத்துனு இருக்கணும். தோல்ல கீறல் விழக்கூடாது."

தோலாம். அவள் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். வேலை என்று வந்துவிட்டால் யாருடைய உடம்பானாலும் அளவெடுப்பாள். மூக்கிலிருந்து வால் வரை, தோள், இடுப்பு, துடுப்புக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு. மாடி அக்கா மேலேயிருந்து, "மார் அளவு எடுத்தியாடி?" என்று கத்தினாள். அளவு நோட்டில் வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு 'நீலக்காரி' என்று எழுதினாள். அதே நோட்டில் முன்பக்கத்தில் எங்கேயோ அவருடைய சட்டை அளவு இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு அவர் அளவெடுக்க நின்றதில்லை. "பழைய அளவே போதும்" என்பார்.

உறையை அவள் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள். உள்ளே மிருதுவான ஃபிளானல். மகளுக்கு என்றாவது குழந்தை பிறந்தால் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த துணி அது. ஏன் அதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரிக்குக் கொடுத்தாலும் நல்லதைக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக இருக்கலாம். அவர் உறையை மாட்டிவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். முதுகில் தட்டிக் கொடுத்தார். "கச்சிதம்" என்றார். இருபத்தைந்து வருடமாக அவர் போட்ட சட்டையெல்லாம் அவள் தைத்ததுதான். ஒன்றுக்கும் அந்த வார்த்தை கிடைத்ததில்லை. இப்போதும் அதைச் சொல்லும்போது அவர் கண் தைத்தவள் மேல் இல்லை.

உறை போட்ட மறுமாதம் மகள் வீட்டுக்குப் போனார்கள். காரில் அவளுக்கு எப்போதும் இடது பக்க சீட். வழியில் ஒரு மேடு. ஏற ஆரம்பித்ததும் அவள் சொன்னாள், "முதுகு பிடிச்சுக்கிச்சுங்க. கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"ம்" என்றார். நிறுத்தவில்லை. முகத்தில் ஒரு மலர்ச்சியோடு காரின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதுகு வலிக்குதுங்க."

"ம்."

அப்போதுதான் அது அவளுக்குக் கேட்டது. உறுமலுக்கு அடியில், அடிவயிற்றிலிருந்து, டொக். டொக். டொக். மேட்டில் மட்டும். சமதரைக்கு வந்ததும் போய்விட்டது.

அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. புஷ் தேய்கிறது. தையல் மிஷினுக்கு ஒரு புஷ் என்றால் இதற்கும் உள்ளே ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தடவை வலிக்கிறது என்றவளுக்கு 'ம்' போட்ட முகம், அந்த உறுமலுக்கு மலர்ந்து கிடந்தது. இவ்வளவு உருகிக் கேட்கிறீர்களே, இதையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது வாரம் மூடியே வைத்திருந்தாள்.

அந்த ஒன்பது வாரமும் அவளுக்கு ஒரு மாதிரியாகச் சுகமாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். காலையில் அவர் காரைக் கிளப்பும்போது மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள். முதலில் மேட்டில் மட்டும் இருந்த சத்தம் சமதரைக்கு இறங்கியது. பிறகு, குளிர்ந்த என்ஜின் எழும்போதே நாலு தட்டுத் தட்டிவிட்டு அடங்கியது. ஆகாதவள் இருமுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது போலக் கேட்டாள். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல். நேற்றைவிட ஆழம். அவர் தினமும் மாலையில் அவளுடைய உடம்பைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினார். உள்ளே என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த நினைப்பு தைக்கும்போது வரும். தையல் நேராக ஓடும்.

இடையில் ஜெராக்ஸ் அறைக்காரர் ஒரு தகவல் சொல்லி அனுப்பினார். இன்னொருவர் கேட்கிறாராம். மாதக் கடைசி வரைக்கும் இவளுக்காக வைத்திருப்பாராம். அவள் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். போதும், திங்கட்கிழமை போய் எடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புறவழிச் சாலையில், கார் ஒரே ஒரு முறை பெரிதாகத் தட்டியது. வெடி போட்டது போல. அப்புறம் உறுமலும் இல்லை, தட்டலும் இல்லை. பின்னால் பார்த்தால் ரோடு நெடுக எண்ணெய்.

இழுவை வண்டியில் கட்டி இழுத்துப் போனார்கள். அந்த அமளியில் திங்கட்கிழமை வங்கிக்குப் போவது நின்றுபோனது. மூன்றாம் நாள் மாலை முக்கால் வரச் சொன்னார். அவளும் கூடப் போனாள். ஏன் போனாள் என்றால், சக்களத்தியின் வயிற்றைக் கிழித்துப் போட்டிருப்பதை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பட்டறை மேஜை மேல் பழைய செய்தித்தாள் விரித்து, உறுப்பு உறுப்பாக வைத்திருந்தார் முக்கால். கரிய எண்ணெய் வாசனை. ஒரு தகடை எடுத்து விரலில் வைத்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு வளைந்த தகடு. வெள்ளையாக இருக்க வேண்டியது, தேய்ந்து செம்பு தெரிந்தது.

"பேரிங்குண்ணே. இது தேஞ்சு, தண்டைத் தின்னு, ராடு உடைஞ்சு, என்ஜின் பிளாக்கையே குத்திடுச்சு. தண்டு புதுசு போடணும். பிஸ்டன் நாலும். டர்போக்குள்ள துகள் போயிருக்கு, அதுவும் போச்சு. சாமானெல்லாம் கப்பல்லதான் வரணும்." ஒரு தொகை சொன்னார்.

அவளுடைய வங்கிப் புத்தகத்தில் இருக்கும் தொகைக்கு அது ஒட்டிப் பிறந்த தங்கை மாதிரி இருந்தது.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?" என்று கேட்டார் புருஷன்.

"ஆரம்பத்துல வந்திருந்தா இந்தத் தகடு மட்டும் மாத்தி, அரை நாள்ல அனுப்பியிருப்பேன். கோவிச்சுக்காதீங்கண்ணே. இது நேத்து வந்த நோவு இல்ல. ரெண்டு மாசமாவது தட்டியிருக்கணும். செவிடனுக்குக்கூடக் கேட்டிருக்கும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் சுட்டது. இப்போது அவர் திரும்பி, உனக்காவது கேட்டுச்சா என்று கேட்பார். என்ன சொல்வது? ஆனால் கேட்கவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இருக்கும், துக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது பயம். திருடும்போது பிடிபட்ட பையன் முகம். முக்கால் புருஷனின் இடது பக்கத்திலிருந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அவர் மெதுவாக, யாரும் கவனிக்காதபடி, உடம்பைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார்.

துணியில் எங்கே சுருக்கம் விழுகிறது என்று பார்த்தே பழகிய கண் அவளுடையது. இந்தச் சுருக்கம் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனாள். தெருவில் நடக்கும்போது அவளை எப்போதும் வலது பக்கத்திலேயே வரச் சொல்வார். தன்னை வலது கை மாதிரி நினைக்கிறார் என்று எண்ணி உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள். டிவி அலறும். மாடி அக்கா பேசினால் சிரிப்பார், பதில் சொல்வார். அக்காவுடன் மட்டும் என்ன அப்படிப் பேச்சு என்று அதற்கும் ஒரு நாள் எரிந்திருக்கிறாள். பஸ்ஸில் என்ஜின் பெட்டி இடது பக்கம். காரில் இவள் உட்காருவதும் இடது பக்கம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வேண்டுமென்றே அவருக்கு இடது பக்கமாகப் போனாள். எப்போதும் பேசுகிற குரலில், "நல்லா வேணும் அவளுக்கு. தொலைஞ்சாள்" என்றாள்.

"ம்" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த அடியில் அழுகை வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று முதல் அது இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். என் குரல் எட்டாத இடத்துக்கு அவளுடைய உறுமல் எட்டியிருக்கிறதே என்று இப்போது எரிந்தது.

இனி அவர் பணத்தைக் கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வது? இது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தகட்டோடு போயிருக்கும். சொல்லாததற்கு இப்போது கிழக்கு வெளிச்ச அறையை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்காவிட்டால் மனசு விடாது. கொடுத்தால் வயிற்றெரிச்சல் விடாது. புதன், வியாழன், வெள்ளி. அவர் வாயே திறக்கவில்லை. மாலையில் வாசலில் கார் நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆள் செத்த வீட்டில்கூட இப்படி ஒரு முகம் அவள் பார்த்ததில்லை. நான் போனால் இப்படி உட்காருவாரா என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்த பிறகு ஏன் நினைத்தோம் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடைத் துணியைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். "பழைய அளவே போதும்" என்றார்.

அவள் போதாது என்று தலையாட்டினாள். டேப்பைக் காட்டி, நிற்கச் சொன்னாள்.

ஜன்னலைப் பார்த்து நின்றார். பின்னால் நின்று தோளை அளந்தாள். கழுத்துக்கு டேப்பைச் சுற்றினாள். அரை அங்குலம் குறைந்திருந்தது. மனிதர் இளைத்துத்தான் போயிருக்கிறார். பின்னால் நின்றதால் அவர் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னாள்.

"நான் கேட்டேங்க."

"என்ன?"

கொஞ்சம் குரலை உயர்த்தினாள். "ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் கழுத்து டேப்புக்குள் அசையாமல் இருந்தது. "தெரியும்" என்றார். "நீ எங்கிட்ட கேக்கல. மாடி அக்கா சொல்லித்தான் தெரியும், நீ ஜெராக்ஸ் ரூமைக் கேட்டுக்கிட்டிருக்கன்னு. நீ பயப்படாத. அந்தக் காசுல நான் கை வைக்க மாட்டேன். காரை அப்படியே முக்காலுக்குக் குடுத்துடுறதா சொல்லிட்டேன். இருக்கிற நிலைமைக்கு என்ன தர்றானோ தரட்டும்."

அவள் டேப்பைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு வார்த்தைதான். அவள் காதால் கேட்டதைச் சொன்னாள். அவர் வாயால் கேட்டதாக எடுத்துக்கொண்டார். அப்படியே விட்டுவிடலாம். அறை கிடைத்துவிட்டது, சக்களத்தி போய்விட்டாள். இதைவிட என்ன வேண்டும்? விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

"அந்தக் கேட்டது இல்ல" என்றாள்.

"ம்?"

சுற்றி வந்து அவருடைய வலது பக்கம் நின்றாள். பள்ளிக்கூடத்தில் நாலு தடவை கேட்டும் வராத குரல், இப்போது அவளுக்கே அந்நியமாக வந்தது. "அந்த சத்தம். கார் தட்டுன சத்தம். எனக்குக் கேட்டுச்சு. மகள் வீட்டுக்குப் போன அன்னிக்கே கேட்டுச்சு. நான் சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

மாடியில் ஏதோ நாற்காலி நகர்ந்தது. அக்காவுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்று விட்டாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குக் கேக்கல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாக்கிழமையிலேர்ந்து."

அவர் சிரித்தார். சிரிப்பு மாதிரி ஒன்று. "எனக்கே ஆறு வருஷமாத்தான் தெரியும். ஸ்கூல்ல தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவாங்கன்னு..." நிறுத்திவிட்டு டேப்பின் நுனியை எடுத்து விரலில் சுற்றினார். "எல்லாம் தலகாணிக்கு அடியிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. நீ பேசுனா உதடு அசையும், அவ்வளவுதான். எத்தனை தடவைதான் என்ன என்னன்னு கேக்குறது? 'ம்'னு சொன்னா நீ பாட்டுக்குப் போயிடுவ. அவ ஒருத்தி குரல்தான் முழுசா கேட்டுச்சு."

மறுபடியும் 'அவ'. ஊசி சரியாக அதே இடத்தில் இறங்கியது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நீங்க அவளுக்கு மட்டும் காது குடுத்தீங்க" என்றாள். "அதான்."

அவள் அளவெடுத்து முடிக்கும் வரை நின்றார். கைநீளம், மார்பு, உயரம். அவள் பழைய பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

திங்கட்கிழமை அவள் முன்பணம் கட்டினாள். அடுத்த வாரம் அவரை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனாள். ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் பேசியது அவள்தான். இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். டாக்டர் கொடுத்த காகிதத்தைப் பள்ளிக்கூட ஆபீசில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். கருவி மாட்டி, திரும்பச் சோதித்து, சரி என்று எழுதி வரும் வரைக்கும் ஒன்றரை மாதம் பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். அந்த நாட்களில் கேட்டில் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். பிடுங்கப்படும் என்று பயந்தது பிடுங்கப்படவில்லை.

காதுக்குப் பின்னால் கடலை அளவில் ஒரு கருவி வந்தது. முதல் நாள் அவர், "உன் மிஷின் இவ்வளவு சத்தமா போடும்?" என்று முகம் சுளித்தார்.

நீலக்காரி போய்விட்டாள். உறை மட்டும் மிச்சம். அவள் அதைப் பிரித்து, வெட்டி, கடை வாசலுக்குத் திரையாகத் தைத்துக்கொண்டாள். அளவெடுக்கும் இடத்துக்கு ஒரு மறைப்பு வேண்டுமே. இரட்டைத் தையல், உள்ளே ஃபிளானல். "சக்களத்தி சேலையை உரிச்சு வாசல்ல தொங்கவிட்டுட்டியேடி" என்றாள் மாடி அக்கா. அந்தத் திரை நல்லா இருக்கிறதே என்று வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் அவர் கடைக்கு வந்து உட்காருகிறார். பட்டன் பிரிப்பார், செய்தித்தாள் படிப்பார். மிஷின் சத்தம் காதைக் கடிக்கிறது என்று கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பேச்சு இன்னும் குறைவுதான். ஆனால் அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சொல்லு" என்கிறார். 'சொல்லு' என்று ஒருவர் காத்திருக்கும்போது சொல்வதற்கு அவ்வளவு விஷயம் இல்லை என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம். அவர் பேப்பருக்குள் இருந்தார். கருவி பையில் இருந்தது. அவள் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பில் இருந்தாள். இரண்டு தெரு தள்ளித் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே குரல். முக்கால் யாருக்கோ சரிசெய்து விற்றிருக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அடிவயிற்றில் எங்காவது ஒரு தட்டல் இருக்கிறதா? இல்லை. இந்த ஒரு வேலையை மட்டும் முழுசாக முடித்திருக்கிறார் பாவி. பட்டு மாதிரி ஓடியது. ஜன்னலுக்கு வெளியே மை நீலம் ஒரு நொடி பளிச்சிட்டுத் தாண்டியது. அவருக்கு முதுகு ஜன்னல் பக்கம். தரை லேசாக அதிர்ந்தது. சுவரைத் தாண்டி அந்த உறுமல் அவருக்கு எட்டவில்லை, பேப்பர் அசையவில்லை.

ஆனால் மிஷினிலிருந்து அவள் கால் நின்றது அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தார். கை சட்டைப் பைக்குப் போனது.

"என்ன, நூல் அறுந்துச்சா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் தொட்டுக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள், அவருக்கு நன்றாகக் கேட்கும்படி.

அவர் பேப்பருக்குத் திரும்பினார். அவள், அறுந்தே போகாத நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊசிக் காதில் மறுபடி கோத்தாள்.